பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பச்சை வண்டி

கால் இரண்டும் இருக்கையின் முதுகுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தலை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்க வேண்டும். நடுவில் உள்ள வயிறுதான் ஸ்டியரிங்குக்கு அடியில் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. "எங்க போயிடப் போற? பிடிச்சுடுவேன்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். யாரை மிரட்டுகிறார் என்று சுற்றுமுற்றும் பார்க்க வேண்டாம். வண்டி நிறுத்தத்தில் வேறு ஆள் கிடையாது. வண்டிக்குள் எந்த இடுக்கு வழியாகவோ நுழைகிற குளிர்காற்றைத்தான் மிரட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பை கொட்டக் கீழே வருகிறவர்கள் அந்தக் கால்களிடம்தான் நலம் விசாரிப்பார்கள். காலுறைக்குள் கட்டைவிரல் ஆடினால் வேலை நல்லபடி நகர்கிறது என்று அர்த்தம். ஆடாமல் விறைத்து நின்றால் பேச்சுக் கொடுக்காமல் போய்விடுவது நல்லது.

தொழில் பிளம்பர். ஊரில் பாதி வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் அவர் தலை போய்வந்திருக்கிறது. ஆள் குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்று இருப்பதாகத் தெரியாது. இடது கைச் சட்டை முழங்கைவரை எப்போதும் ஈரம். பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலிக்கான் டியூப் குத்திட்டு நிற்கும். பிதுக்கினால் பசையாக வந்து, காய்ந்ததும் ரப்பராகி எந்த ஓட்டையையும் அடைத்துவிடுகிற சாமான் அது. அதன் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. "சிலிக்கான் வீடு எது?" என்று கேட்டால்தான் அந்தக் குடியிருப்பில் வழி சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

ஒழுகல் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். குளியலறையில் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "வாஷர் போயிருக்குங்க. நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். வீட்டுக்காரர் நெளிவார். இவருக்கு அந்தச் சொட்டு நின்றால்தான் சோறு இறங்கும்.

சொந்த வீட்டில் அடைக்க ஒன்றும் பாக்கியில்லை. ஜன்னல் இடுக்கு, கதவின் அடிப்பக்கம், சுவருக்கும் தரைக்கும் நடுவில் உள்ள கோடு, மூக்கு உடைந்த தேநீர்க் கெண்டி, மனைவியின் மழைச்செருப்பு எல்லாவற்றிலும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு ஓடும். தபால்பெட்டியின் வாயைக்கூட ஒருமுறை அடைத்துவிட்டார். தபால்காரர் கதவைத் தட்டிச் சண்டை போட்ட பிறகு, "மழைத்தண்ணி உள்ள போகுதேன்னு பாத்தேன்" என்று சமாதானம் சொல்லி, முனகிக்கொண்டே பிரித்துவிட்டார்.

அவர் மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒலிபெருக்கியில் வருகிற அந்தத் திருத்தமான குரல் வீட்டுக்குள் வந்தால் சாதாரணக் குரலாகிவிடும், கோபம் வரும் நேரம் தவிர. கோபம் வந்தால் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் மேடைத் தமிழில் இறங்கிவிடுவார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சமையலறையில் இருந்து புறப்பட வேண்டிய காலை உணவு, துணி காயப்போடப்படாத காரணத்தால் காலவரையின்றித் தாமதமாகிறது." பிளம்பர் இதைக் கேட்டதும் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், அறிவித்தால் தாங்காது என்பார்.

இனி வண்டி. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, ஆளின் இடுப்பு உயரம்கூட இல்லாத கூரை, கரும்பச்சை நிறம். பந்தயத்துக்கென்று ஒரு காலத்தில் செய்யப்பட்ட ஜாதி. அதற்குள் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். ஒரு பெரிய வீட்டின் கீழ்த்தளத்தில் குழாய் வெடித்து முழங்கால்வரை தண்ணீர் நின்றபோது, அங்கே தார்ப்பாய்க்கு அடியில் மிதக்கவும் முடியாமல் மூழ்கவும் முடியாமல் நின்றிருந்தது. தண்ணீரை இறைத்து முடித்த பிறகு பிளம்பர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். பார்த்ததோடு சரி, மனுஷன் கவிழ்ந்துவிட்டார். வீட்டுக்காரருக்கு இடம் காலியானால் போதும். இவருக்கு அந்த வண்டி வீடு வந்து சேர்ந்தால் போதும்.

வந்து சேர்ந்தது ஒரு கோடையில். மனைவி முதலில் மூக்கைச் சுளித்தார். பிறகு ஒரு மாலை, கண்ணாடி இரண்டையும் இறக்கிவிட்டுக்கொண்டு, ஆற்றோரச் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவர் இறங்கவே இல்லை. "இன்னொரு தடவ போலாமா?" என்று கேட்டார். பிளம்பருக்கு அந்த வாக்கியம் போதும், ஆயுசுக்கும் வைத்துக்கொள்வார். அந்தக் கோடை முழுக்க இரண்டு பேரும் இளவட்டங்களாகிச் சுற்றினார்கள். தன் மனைவி இவ்வளவு பேசுவார் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

குளிர்காலம் வந்ததும் கதை கந்தலானது. வண்டியின் ஹீட்டர் பேருக்குத்தான் இருந்தது. இன்ஜினில் சூடாகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக வந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குள் சுற்றிவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். வெளியிலிருந்து வரும் காற்றை ஒரு ஃபேன் அந்தப் பெட்டிக்குள் தள்ளினால், காற்று சூடாகி ஒரு பங்கு காலுக்கும் ஒரு பங்கு முன்கண்ணாடிக்கும் வர வேண்டும். வந்ததென்னவோ நோயாளியின் மூச்சு. கண்ணாடி முழுக்க நீராவி படிந்து வழி தெரியாமல் போனது. கால் மரத்துப்போய், இறங்கும்போது தனக்குக் கால் இருக்கிறதா என்று மனைவி குனிந்து பார்த்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மனைவியின் அக்காவுக்கு இடுப்பில் அறுவை நடந்தது. அக்கா இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். சனிக்கிழமை தவறாமல் தங்கை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒருமுறை பச்சை வண்டியில் போனார். போய்ச் சேர்ந்ததும் அறுவை செய்துகொண்ட அக்காவே எழுந்துபோய்த் தங்கைக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு அறிவிப்பு வந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பச்சை நிற வண்டி மறு அறிவிப்பு வரும்வரை ரத்து செய்யப்படுகிறது."

வேலைக்குப் போகிற வேன் இருக்கிறதே, அதில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேனில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் கேட்கமாட்டீர்கள். அதில் வருஷக்கணக்காகக் கழிவுக்குழாய்கள் பயணம் செய்திருக்கின்றன.

ஆக அம்மையார் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். பிளம்பர் என்ன செய்தார் தெரியுமா? பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். முந்தவும் மாட்டார், பின்தங்கவும் மாட்டார். பஸ் நின்றால் நிற்பார், நகர்ந்தால் நகர்வார். மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பார். இவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் உள்ள துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தன் முகத்தைக் காட்டுவார். மலைப்பாதை முழுக்க இதுதான் தாம்பத்தியம். பஸ் டிரைவருக்கே பழகிவிட்டது. "அம்மா, உங்க வீட்டுக்காரர் வளைவுல கொஞ்சம் பின்தங்கிட்டாரு, நிறுத்தவா?" என்று கேட்பாராம்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, பிளம்பருக்கு அது வேடிக்கையாக இல்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது அவருக்கு வலித்தது. கோடையில் அங்கே உட்கார்ந்து கதை கதையாகச் சொன்ன ஆள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவரிடம் வாயாடிக்கொண்டு போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. இந்த ஹீட்டரைச் சரிபண்ணாமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

தண்ணீர்ப் பக்கம் அவருடைய ராஜ்ஜியம். அதில் இறங்கியதும் ஆள் பிரகாசமாகிவிட்டார். இன்ஜின் தலையில் இருந்த சின்ன வால்வைக் கழற்றினால், உள்ளே பழுப்புச் சேறு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. "பாருங்க, பல வருஷத்துக் கசடு" என்று அதை ஒரு மூடியில் எடுத்துக் குடியிருப்பு முழுக்கக் காட்டினார். புது வால்வு போட்டார். ஹீட்டர்ப் பெட்டியைக் கழற்றி, குளியலறைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினார். அன்றைக்குக் குளிக்க வந்த மனைவி என்ன அறிவித்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் காற்றுக்குமிழி. ஹீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர்க் குழாயில் குமிழி சிக்கிக்கொண்டு ஓட்டத்தை மறிக்கும். அதற்கு வண்டியைப் பின்தெரு மேட்டில் மூக்கு மேலே இருக்கிறபடி நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸைப் பிசைந்து பிசைந்து குமிழியை விரட்டினார். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறாரோ என்று தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் 'களக்' என்று ஒரு சத்தம். இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தார். போகிறதும் சுட்டது, வருகிறதும் சுட்டது. "தண்ணி பொய் சொல்லாது" என்று கையைத் தட்டிக்கொண்டார். தண்ணீர் பொய் சொல்லவில்லைதான். காற்றுத்தான் சூடாக வரவில்லை.

ஃபேன் மேல் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் மின்சாரம் பிளஸ் மைனஸ் மாறி இருக்கும். இடையில் வைத்திருந்த எவரோ அதை இந்தக் கால வழக்கத்துக்கு மாற்றியிருக்கிறார். பிறகு புது மோட்டார் போட்டவர் பழைய நிறங்களைப் பார்த்து ஒயரைக் கொடுத்திருக்கிறார். விளைவு, ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தது இவரேதான். ஒயரை மாற்றிக் கொடுத்ததும் ஃபேன் உறுமியது. அந்த உறுமலைக் கேட்டு ஒரு சனிக்கிழமை மனைவி நம்பி ஏறினார். மலையடிவாரத்தில் இறங்கி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். "சூடு பேருக்குத்தாங்க வருது, மீதியெல்லாம் சத்தம். சத்தத்துல காலக் காய வெக்க முடியுமா?"

இங்கேதான் பிளம்பர் புத்தி வேலை செய்தது. சூடு வருகிறது, ஆனால் தங்கவில்லை. அப்படியானால்? ஒழுகுகிறது! எங்கோ குளிர் உள்ளே வருகிறது, எங்கோ சூடு வெளியே போகிறது. வேறு எந்தத் தொழில்காரராக இருந்தாலும் இப்படி யோசித்திருப்பாரோ என்னவோ. முப்பது வருஷம் ஒழுகலோடு மல்லுக்கட்டியவருக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? சட்டைப்பையிலிருந்து டியூப் வெளியே வந்தது.

கன்னத்தை வைத்துப் பார்ப்பது அவர் முறை. கைக்குத் தெரியாத காற்று கன்னத்துக்குத் தெரியுமாம். பெடல் வரும் துளை, ஒயர் போகும் துளை, கியர் கம்பியின் அடிப்பக்கம், தரைத்தகட்டின் மூலை என்று ஒவ்வொன்றாகக் கன்னம் வைத்தார், கண்டுபிடித்தார், அடைத்தார். கதவு ரப்பரைப் புதிதாகப் போட்டு, அதன்மேல் இன்னொரு ரப்பரும் போட்டார். பின்கண்ணாடிக்குக் கீழே பட்டையாக இரண்டு துளைகள் வலையோடு இருந்தன. அங்கே கன்னம் வைத்தார். காற்று இருந்தது. "இத யாரோ மூட மறந்துட்டாங்க" என்று சொல்லி, வலையோடு சேர்த்து அதையும் மெழுகிவிட்டார்.

அடைக்க அடைக்க ஹீட்டர் இன்னும் மோசமானது. அதனால் இன்னும் அடைத்தார். ஒரு கட்டத்தில் வண்டிக் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்குக் காது 'கப்'பென்று அடைத்தது. அதை ஒரு சாதனையாகவே காட்டினார். "காது அடைக்குது பாத்தீங்களா? அவ்ளோ டைட்டு! ஒரு பொட்டுக் காத்து உள்ள வர முடியாது, வெளிய போக முடியாது." கேட்டவர்கள் காதைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருவர் மூன்றாம் மாடிப் பல் டாக்டர். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவர். பச்சை வண்டியின் பக்கத்தில் வந்தால் மட்டும் டாக்டரின் நடை தளரும். வண்டியின் மூக்கைத் தடவுவார், விளக்கைத் தடவுவார். "உங்களுக்கு எப்பவாவது விக்கணும்னு தோணிச்சுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் சிரிப்பார். அவருக்குக் கோடையில் மட்டும் ஓட்டினால் போதும். ஹீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். பிளம்பர், "எம் பொண்டாட்டிய வேணா கேட்டுப் பாருங்க" என்று கிண்டலாகச் சொல்வது வழக்கம்.

அந்தக் கிண்டல் ஒருநாள் நிஜமானது. இரண்டாவது குளிர்காலம் பாதி முடிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணக் குரலிலேயே பேசினார். அறிவிக்கவில்லை. அதுதான் பிளம்பருக்குப் பயமாக இருந்தது.

"இங்க பாருங்க. நான் பஸ்ல, நீங்க பின்னால. எத்தன நாளைக்கு இந்தக் கூத்து? பாக்கறவங்க சிரிக்கறாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். எனக்கு அது இல்ல. பக்கத்து சீட்டுல ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருத்தர். அவங்ககிட்ட உங்களப் பத்தியே பேசிப் பேசி அலுத்துப்போச்சு எனக்கு. உங்ககிட்டப் பேசணும் நான்."

பிளம்பர் வாயைத் திறந்தார்.

"எங்க போயிடப் போகுதுன்னு ஆரம்பிக்காதீங்க. வர்ற சனிக்கிழமை கெளம்பறதுக்கு முன்னாடி நான் அதுல உக்காந்து பாக்கறேன். என் கால் சூடாச்சுன்னா அதுலயே போலாம். ஆகலன்னா டாக்டருக்குக் குடுத்துடுங்க. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல, ஒரே சீட்டுல போவோம். நாலு சக்கரமா, நானான்னு கேக்கல. ரெண்டும் வேணும்னுதான் எனக்கும் ஆச. முடியலன்னா என்ன பண்றது?"

"சரிம்மா" என்றார். சாப்பிட்டு முடித்து அவரே மூன்றாம் மாடிக்குப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். டாக்டருக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. பிளம்பருக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. அந்த வண்டியைப் பார்த்து மயங்குகிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினார்.

மீதி நாட்களில் கண்ணில் பட்டதையெல்லாம் இன்னொரு பூச்சுப் பூசினார். வேறு என்ன செய்ய முடியும்? அவர் கைக்குத் தெரிந்தது அதுதான்.

சனிக்கிழமை காலை. வண்டி நிறுத்தத்தில் எல்லாக் கூரையும் உறைபனியால் வெளுத்துக் கிடந்தது. பிளம்பர் வண்டியை எடுத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தினார். அணைக்கவில்லை. பானெட்டைத் திறந்து இரண்டு குழாயையும் தொட்டார், விரலை உதறிக்கொண்டார். சுட்டது. ஃபேன் முழு வேகத்தில் உறுமியது. மனைவி கம்பளிக் கோட்டும் நீளப் பூட்ஸுமாக வந்து, குனிந்து, மடங்கி, இருக்கைக்குள் இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டார். காது அடைத்திருக்க வேண்டும். முகம் சுளித்தது தெரிந்தது.

டாக்டரும் வந்துவிட்டார். கழுத்துத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பானெட்டுக்கு அருகில் நின்றார். அவசரம் காட்டக்கூடாது என்று வானத்தைப் பார்த்தார். பிளம்பர் இன்னொரு பக்கம் நின்று, முன்கண்ணாடி வழியாக மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கையுறையைக் கழற்றி, காற்று வர வேண்டிய இடத்தில் கையை நீட்டினார். வைத்திருந்தார். மாற்றி வைத்தார். பிறகு கணவரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், இல்லை என்று. கோபமாக ஆட்டியிருந்தால் பிளம்பருக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது. மனைவியின் மூச்சிலேயே கண்ணாடியில் நீராவி படிந்து படிந்து, கொஞ்ச நேரத்தில் அந்த முகமும் மறைந்துவிட்டது.

"என்னங்க, ஆகலயா?" என்று டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். துக்கம் விசாரிக்கிற குரல்.

"ஆகல டாக்டர்" என்றார் பிளம்பர். "தண்ணி நல்லாத்தான் ஓடுது. காத்துதான் எனக்குப் பிடிபடல. நீங்களே... நல்லா வெச்சுக்கங்க. மழையில நனைய விடாதீங்க."

பானெட்டை இறக்கி மூடினார். மூடிவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். இந்த மூக்கில் இனிமேல் கை வைக்க மூன்றாம் மாடியில் அனுமதி கேட்க வேண்டும்.

உள்ளேயிருந்து கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. மனைவியின் பக்கத்துக் கண்ணாடி இரண்டு விரல் அகலத்துக்கு இறங்கியது. "டாக்டர், இந்த வண்டிய நீங்களே..." என்று குரல் வந்தது. அவ்வளவுதான், பேச்சு அப்படியே நின்றுவிட்டது. ரயில் நிலையத்தில் ஒரு நாளும் பாதி வாக்கியத்தில் நிற்காத குரல் அது.

"சொல்லுங்க" என்று டாக்டர் குனிந்தார்.

பிளம்பர் முன்கண்ணாடியைப் பார்த்தார். அடிப்பக்கத்தில் இரண்டு இடங்களில் நீராவி கலைந்து, பிறைபோலக் கண்ணாடி தெளிந்தது. பிறை மெல்ல வளர்ந்தது. முதலில் மனைவியின் மோவாய் தெரிந்தது, பிறகு வாய், திறந்தபடி. அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கைப்பிடிக்குப் போனது. கண்ணாடியை முழுக்க ஏற்றினார். பிறை வளராமல் நின்றது, மங்கியது. மறுபடி இறக்கினார். மறுபடி தெளிந்தது. ஏற்றினார். இறக்கினார்.

பிளம்பர் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். டாக்டர் பயந்து ஒரு அடி தள்ளி நின்றார்.

அந்த வாரம்தான் ஒரு சாப்பாட்டுக்கடையில் தொட்டித் தண்ணீர் இறங்காமல் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கூரைக்குப் போகிற காற்றுக்குழாயைக் கடைக்காரர் அழகுக்காக மூடி வைத்திருந்தார். பிளம்பர் அவரைப் பிடித்து வறுத்தெடுத்துவிட்டார். ஒரு பக்கம் காற்றுக்கு வழி விடாமல் இன்னொரு பக்கம் தண்ணீர் எப்படி ஐயா போகும், இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்று கத்திவிட்டு வந்திருந்தார். வெறும் மூன்று நாளைக்கு முன்னால்.

"நான்தான் டாக்டர்!" என்றார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. "எல்லாத்தயும் நான்தான் அடச்சு வெச்சிருக்கேன். உள்ள இருக்கற காத்து வெளிய போனாத்தானே சூட்டுக்காத்து உள்ள வரும்? எங்க போகும்? பாட்டில்ல மூடியப் போட்டுட்டு ஊதிட்டு இருந்திருக்கேன் ரெண்டு குளிர்காலமா! அந்தப் பின்னாடி ஓட்டை, அத யாரும் மறக்கல. அதுதான் வழி. அதப் போய்ப் பூசிட்டேனே, மடையன், மடையன்!"

"அப்ப வண்டி..." என்று டாக்டர் ஆரம்பித்தார். வழக்கம்போல முடிக்கவில்லை. இந்தத் தடவை சிரிக்கவும் இல்லை. கழுத்துத் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். உள்ளே அம்மையார் இவர்களைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பூட்ஸ் டாஷ்போர்டுமேல் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதன் பக்கத்தில் இன்னொன்று. காலுறை இரண்டும் சுருண்டு அவற்றுக்குள் போயின. இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, வெறுங்காலை உள்ளே எங்கோ நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். தெருமுனையில் மலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. ஆள் ஏறவில்லையே என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போயிற்று.

பிளம்பர் நகரவில்லை. நகர்ந்தால் எல்லாம் கலைந்துவிடுமோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவர் மனைவி கண்ணைத் திறந்தார். பக்கத்து இருக்கையைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே உடம்பைச் சாய்த்து, கியர் கம்பிக்கு மேலே கையை எட்டி நீட்டி, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறந்துவிட்டார்.